மாமன் மகளை மணந்த விஞ்ஞானியின் வீட்டில்...

லண்டனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்றால், ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, “அரண்மனை பார்த்தீங்களா?” என்பதுதான். பார்த்தேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று. கால் வலித்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு பகல் முழுவதும் ஆற அமரப் பார்த்த வீடு வேறு ஒன்று. ராஜா வீடு இல்லை. பத்துப் பிள்ளை பெற்ற ஒரு குடும்பஸ்தரின் வீடு. அதைப் பற்றித்தான் வாசகிகளிடம் சொல்ல ஆசை.

2023 ஜூன் மாதம். பேரனுக்குப் பத்து வயது முடிந்து பதினொன்று நடக்கிறது. அங்கே ஆறாம் வகுப்பிலேயே பரிணாமம் பற்றிப் பாடம் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல், “ஆச்சி, நம்ம குரங்குலேர்ந்தா வந்தோம்?” என்றான். “உங்க தாத்தாகிட்டக் கேளு. அவங்க பக்கத்துச் சொந்தமா இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பக்கம், என் பக்கம் என்று எங்களுக்கு ஏது இரண்டு பக்கம்? என் கணவர் என் சொந்த அத்தை மகன். என் அப்பாவும் அவர் அம்மாவும் உடன் பிறந்தவர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒரு சனிக்கிழமை டார்வின் வீட்டுக்குப் புறப்பட்டோம். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் டப்பாவில் அடைத்துக்கொண்டேன். ஈஸ்ட்ஹாமில் பாதாள ரயில் ஏறி விக்டோரியா. அங்கே வேறு ரயில் பிடித்து பிராம்லி. பிறகு 146ஆம் நம்பர் பஸ். ஊரின் பெயர் டவுன். பெயர்தான் டவுன், ஆள் நடமாட்டம் இல்லாத சுத்தப் பட்டிக்காடு! வேலிச் செடிகள் இரண்டு பக்கமும் பஸ் ஜன்னலை உரசுகின்றன. சர்ச் வாசலில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பத்து நிமிஷ நடை.

வெள்ளைச் சுவர், உயரமான ஜன்னல்கள், மேலே படர்ந்த கொடி. பிரமாதமான வீடு என்று சொல்லமாட்டேன். டார்வினே இதை அழகில்லாத வீடு என்றுதான் நினைத்தாராம். ஆனாலும் 1842 செப்டம்பரில் குடிவந்தவர், 1882 ஏப்ரலில் கண்ணை மூடும் வரை நாற்பது வருஷம் இங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பெண்கள் பள்ளிக்கூடமாக இருந்து, 1929ல் பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டார்கள். குடும்பத்தாரே பழைய மேஜை நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளே போனதும் சுவரில் இருந்த குடும்ப விவரத்தை என் கணவர் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தபாலாபீஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர், எதையும் மேலோட்டமாகப் படிக்கமாட்டார். திடீரென்று, “ஏ, இங்க வந்து பாரு. இவரும் நம்மள மாதிரில்லா!” என்றார்.

நிஜம்தான். சார்லஸ் டார்வினின் அம்மா சுசன்னாவும், எம்மாவின் அப்பா ஜோசையா வெட்ஜ்வுட்டும் அக்கா தம்பி. பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன அந்த வெட்ஜ்வுட் குடும்பம்தான். ஆக, எம்மா அவருக்குத் தாய்மாமன் மகள். அவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர் வேறு. எனக்கு அந்த நிமிஷம் முதல் அந்த அம்மாள் ‘எம்மா’ இல்லை, நம் வீட்டு மனுஷி ஆகிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் இந்த மனிதர் செய்த காரியம் தெரியுமா? 1838ல் ஒரு காகிதத்தில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘கல்யாணம் செய்தால்’, மறுபக்கம் ‘செய்யாவிட்டால்’ என்று கணக்கு எழுதினார். பெண்டாட்டி வந்தால் புத்தகம் வாங்கப் பணம் குறையும், நேரம் வீணாகும். ஆனால் வயதான காலத்தில் துணை இருக்கும். எப்படியும் ஒரு நாய்க்குட்டியைவிடத் தேவலை! இப்படி எழுதிவிட்டு, கடைசியில் கல்யாணம் என்றே முடிவு செய்தார். 1839 ஜனவரியில் எம்மாவுக்கு மாலையிட்டார். அந்தக் காகிதத்தை நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கமும் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று சொன்னேன். அத்தான் கேட்காத மாதிரி மாடிப்படி ஏறிவிட்டார்.

மாடியில் அவர் போன கப்பலின் அறையை மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ‘பீகிள்’ என்ற அந்தக் கப்பலில் இருபத்திரண்டு வயதில், 1831 டிசம்பரில் ஏறியவர், 1836 அக்டோபரில்தான் திரும்பினார். அதற்குப் பிறகு பிரிட்டனை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. பாதி நாள் கடல் மயக்கத்தில் படுத்துக்கிடந்தாராம்.

வழியில் லயல் என்பவர் எழுதிய நிலவியல் புத்தகத்தைப் படித்தார். மலையும் கடலும் ஒரே நாளில் உண்டானவை அல்ல. சிறுகச் சிறுக, கணக்கிட முடியாத காலம் எடுத்துக்கொண்டு மாறியவை என்று அதில் எழுதியிருந்தது. 1835ல் சிலி நாட்டில் பூகம்பம் வந்து கடற்கரை சில அடி மேலே எழும்பி, சிப்பிகள் வெளியே கிடந்து அழுகுவதை அவரே பார்த்தார். பூமி மெல்ல மெல்ல மாறுகிறது என்றால், உயிர்கள் மட்டும் அப்படியே இருக்குமா?

அதே வருஷம் கலாபகஸ் தீவுகள். அங்கே இருந்த ஆங்கிலேய அதிகாரி, ஆமை ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடுவேன் என்றாராம். டார்வின் அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பல்காரர்கள் முப்பது ஆமைகளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள். இவரும் பந்தியில் இருந்தார். அத்தாட்சியைத் தின்று தீர்த்துவிட்டு அப்புறம் வருத்தப்பட்ட விஞ்ஞானி! பேரன் இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் வரை சிரித்தான்.

லண்டன் வந்த பிறகு, 1837ல், பறவை நிபுணர் ஜான் கூல்ட் அவர் கொண்டுவந்த பறவைகளைப் பிரித்துப் பார்த்து, தீவுக்குத் தீவு இனமே வேறு என்றார். அதற்குப் பிறகுதான் டார்வினுக்குப் பொறி தட்டியது. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரு அடிமரத்திலிருந்து கிளை கிளையாகப் பிரிகிற சின்னப் படம் ஒன்று போட்டார். பேரன் கேள்விக்கு அந்தப் படத்தில்தான் பதில் இருக்கிறது. இன்று இருக்கிற குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி! இரண்டு பேருக்கும் எப்போதோ ஒரு பொது மூதாதை. “அப்போ ஆச்சி சொன்னது சரிதான், சொந்தம்தான்” என்றான் பொடியன்.

மாறுகிறது சரி, எப்படி மாறுகிறது? இதற்கு விடை 1838 செப்டம்பரில் கிடைத்தது. மால்தஸ் என்பவர் ஜனத்தொகை பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பிறக்கிற உயிர்கள் எல்லாம் பிழைத்தால் உலகம் தாங்காது, சாப்பாடு போதாது. அப்படியானால் எது பிழைக்கிறது? அந்த இடத்துக்கு ஒரு துளி கூடுதலாகப் பொருந்துகிறது எதுவோ, அது. அந்த ஒரு துளி வித்தியாசம் அதன் பிள்ளைகளுக்கும் போகிறது.

இது படிக்கக் கஷ்டமாக இருந்தால் என் அப்பாவைப் பெற்ற ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் கத்தரிச் செடியில் நல்ல காயாக ஒன்றைப் பறிக்காமல் துணி கட்டி, விதைக்கு என்று முற்ற விடுவாள். வருஷா வருஷம் அப்படி விட்டு, எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய் ஒரு தனி ஜாதியாகவே ஆகிவிட்டது. ஆச்சி செய்ததை இயற்கையில் பசியும் குளிரும் பூச்சியும் செய்கின்றன. அவ்வளவுதான். ஒரு வித்தியாசம், ஆச்சிக்குக் கண் இருந்தது. இயற்கைக்கு அது கிடையாது.

கீழே அவருடைய படிப்பறை. உயரமான முதுகு வைத்த நாற்காலியின் கால்களில் சக்கரம் மாட்டியிருக்கிறார், எழுந்திருக்காமலே உருண்டு போக. கைப்பிடிகளின் மேல் ஒரு பலகை. அதுதான் எழுத்து மேஜை. மூலையில் ஒரு தட்டி. வாந்தி வந்தால் ஒதுங்க. இந்த வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கில் வயிற்றுக் கோளாறு, வாந்தி, நடுக்கம். மூக்குப்பொடிப் பழக்கமும் உண்டு. கைக்கு எட்டினால் அடிக்கடி போடுவோம் என்று பொடி ஜாடியை வெளியே ஹாலில் வைத்துவிட்டாராம். எங்கள் தாத்தாவும் இதே தந்திரம்தான் செய்தார், ஒன்றும் பலிக்கவில்லை.

இந்த அறையில் 1844ல் சுமார் 230 பக்கத்தில் தன் கொள்கையை எழுதி முடித்தார். முடித்துவிட்டு என்ன செய்தார்? அச்சுக்குக் கொடுக்கவில்லை. எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் திடீரென்று இறந்துவிட்டால் இதை வெளியிட 400 பவுன் ஒதுக்கி, நல்ல ஆளைப் பிடித்து வெளியிடு என்று. எம்மாவோ தெய்வ நம்பிக்கை உள்ளவள். இந்தக் கொள்கையெல்லாம் நம்மை மறு உலகத்தில் பிரித்துவிடுமோ என்று கல்யாணமான புதிதிலேயே மனம் உருகி அவருக்கு எழுதியவள். அவளிடமே ஒப்படைக்கிறார்! அவளும் அதைப் படித்தாள். தனக்கு ஒப்பாத இடங்களில் ஓரத்தில் குறிப்பு எழுதினாள். கண் என்ற உறுப்பு மெல்ல மெல்ல உண்டானது என்ற இடத்தில், இது பெரிய ஊகம் என்று குறித்திருக்கிறாள். பின்னாலே புத்தகம் அச்சானபோது புரூப் திருத்தவும் உதவினாள். நம்பாத விஷயத்துக்கு எழுத்துப் பிழை திருத்திக் கொடுக்க எத்தனை மனசு வேண்டும்! அந்த மேஜைக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

இந்த மனிதருக்கு ஆராய்ச்சிக்கூடம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீடுதான் கூடம், பிள்ளைகள்தான் உதவியாளர்கள். முதல் பிள்ளை வில்லியம் 1839 டிசம்பரில் பிறந்தபோது, தும்மல், கொட்டாவி, பாலுக்கு வாய் திறப்பது எல்லாவற்றையும் குறித்தார். ஏழாம் நாள் உள்ளங்காலைக் காகிதத்தால் தொட்டதும் குழந்தை காலை இழுத்துக்கொண்டு விரலை மடக்கியதாம். கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முந்திய வருஷம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஜென்னி என்ற உராங்குட்டான் குரங்கைப் போய்ப் பார்த்திருந்தார். காவலாளி ஆப்பிளைக் காட்டிவிட்டுக் கொடுக்காமல் இருந்தபோது, அது மல்லாந்து விழுந்து காலை உதைத்துக்கொண்டு அழுததாம். நம் பிள்ளைகள் கடைத்தெருவில் செய்வதேதான்.

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுக்குச் செடி எப்படிப் போயிருக்கும்? இதைக் கண்டுபிடிக்க, விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். 87 வகை விதைகளில் 64 வகை, இருபத்தெட்டு நாள் கடல் தண்ணீரில் கிடந்த பிறகும் முளைத்தன! குளத்துச் சேறு மூன்று கரண்டி எடுத்து ஆறு மாதம் படிப்பறையில் மூடி வைத்தார். ஒரு காப்பிக் கோப்பைக்குள் அடங்குகிற அந்தச் சேற்றிலிருந்து 537 செடிகள். பறவையின் காலில் ஒட்டுகிற சேறு எவ்வளவு தூரம் விதையைச் சுமக்கும் என்று பாருங்கள். தோட்டத்தில் மூன்றடிக்கு இரண்டடி நிலத்தைக் கொத்தி, முளைத்த களைகளைத் தினமும் எண்ணினார். 357 முளைத்தன. அதில் 295 நத்தையும் பூச்சியும் தின்று போயிற்று. மால்தஸ் புத்தகத்தில் படித்தது கொல்லைப்புறத்தில் கண் முன்னால்.

வண்டுகள் எந்தப் பாதையில் பறக்கின்றன என்று பார்க்க, ஐந்தாறு பிள்ளைகளை வேலி ஓரம் ஆளுக்கொரு இடத்தில் நிறுத்துவார். வண்டு வந்ததும் கத்தவேண்டும். புறா வளர்த்தார், தொண்ணூறு வரை. விசிறி வால் புறாவுக்கு வாலில் முப்பது நாற்பது இறகு. சாதாரணப் புறாவுக்குப் பன்னிரண்டோ பதினாலோ. எல்லாமே மாடப்புறாவிலிருந்து மனுஷன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தவைதான் என்று காட்டினார். சிப்பி மாதிரி பாறையில் ஒட்டும் ‘பார்னக்கிள்’ என்ற பிராணியை மட்டும் எட்டு வருஷம் அறுத்துப் பார்த்தார். அதையே பார்த்து வளர்ந்த பிள்ளை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, “அவங்க அப்பா பார்னக்கிள் வேலையை எங்க உக்காந்து செய்வாரு?” என்று கேட்டதாம்.

மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று ஒரு பரிசோதனை. எம்மா பியானோ வாசிக்க, பிள்ளை குழல் ஊத, புழுக்கள் அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடிவிட்டன. அந்தப் பியானோ கூடத்தில் தொட்டியோடு புழுவை அனுமதித்த எம்மாவுக்குத்தான் என் முதல் நமஸ்காரம். இரவில் இரண்டு பேரும் தாயக்கட்டை மாதிரி ஒரு ஆட்டம் ஆடுவார்கள், தினம் இரண்டு ஆட்டம். அதற்கும் கணக்கு! 1876 வரை அவர் ஜெயித்தது 2795, அவள் ஜெயித்தது 2490.

சமையல் குறிப்பு இல்லாமல் நம் பத்திரிகையில் எழுதலாமா? எம்மாவின் சமையல் நோட்டில் ஒரே ஒரு குறிப்பு டார்வின் கையெழுத்தில் இருக்கிறது. என்ன தெரியுமா? சோறு வடிப்பது! தண்ணீரில் உப்புப் போட்டு, நன்றாகக் கொதித்ததும் அரிசியைப் போட்டு, கடிகாரம் வைத்து 12 நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். கஞ்சியை வடித்துவிட்டு, பாத்திரத்தைத் தணல் மேல் 10 நிமிஷம் வைத்து இறக்கவேண்டும். என் அத்தை விறகடுப்பில் வடித்ததும் இப்படித்தான். கடிகாரம் மட்டும் கிடையாது.

சறுக்குப் பலகை, பொம்மை என்று பிள்ளைகள் சாமான்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் ஆனி. பத்து வயது. பத்துப் பிள்ளைகளில் அப்பாவுக்கு உயிரானவள். 1851ல் காய்ச்சலும் வயிற்று உபத்திரவமுமாக இருந்தவளை, வைத்தியத்துக்கு மால்வெர்ன் என்ற ஊருக்கு அழைத்துப் போனார். காசநோய் என்றுதான் இப்போது நினைக்கிறார்கள். எம்மா நிறைமாத கர்ப்பிணி, கூடப் போக முடியவில்லை. அவர் அங்கிருந்து தினமும் எழுதுகிற கடிதத்துக்காக இந்த வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் 23ஆம் தேதி ஆனி போய்விட்டாள். அடக்கத்துக்குக்கூட இருக்காமல் டார்வின் எம்மாவிடம் ஓடி வந்தார். மூன்று வாரத்தில் அடுத்த பிள்ளை பிறந்தது. ஆனியின் எழுதுபெட்டியை எம்மா சாகும் வரை வைத்திருந்தாள்.

என் பேரன், “எனக்கும் பத்து வயசுதானே முடிஞ்சிருக்கு” என்றான். மகள் அவனை வெளியே கண்ணாடி வீட்டில் பூச்சி தின்னும் செடி இருக்கிறது என்று அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எங்களுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது, 1983 ஆவணியில். இருதயத்தில் பிறவிக் குறை என்றார்கள். நாற்பத்தொரு நாள் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மாள் திண்ணையில் உட்கார்ந்து, “சொந்தத்துக்குள்ள கட்டுனா இப்பிடித்தான்” என்றாள். உள்ளே என் அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். ‘அண்ணன் மகள்தான் வேணும்’ என்று ஒற்றைக் காலில் நின்று எங்கள் கல்யாணத்தை முடித்தவள் அவள்தான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், என் மகள் நல்லபடியாகப் பிறக்கும் வரை, அத்தை என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசவில்லை. நானும் அத்தானும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

டார்வினுக்கும் இந்தப் பயம் இருந்தது. நெருங்கிய சொந்தத்தில் செய்துகொண்டதால்தான் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்களோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. பதினொரு வருஷம் செடிகளை வைத்துப் பார்த்தார். தன் மகரந்தத்தில் தானே காய்த்த செடியின் பிள்ளைகளைவிட, வேறு செடியின் மகரந்தம் சேர்ந்து வந்தவை பெரும்பாலும் உயரமாக, தெம்பாக வளர்ந்தன. 1871 ஜனக் கணக்கெடுப்பில், ‘நீங்கள் அத்தை, மாமன், சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளைக் கட்டியவர்களா?’ என்று ஒரு கேள்வி சேர்க்கவேண்டும் என்று நண்பர் மூலம் பார்லிமெண்டில் கேட்கவைத்தார். ஏளனமாகத் தள்ளிவிட்டார்கள். பிறகு அவர் மகன் ஜார்ஜே கணக்கெடுத்து, 1875ல், பயந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்று எழுதினார்.

காரணத்தை விளக்கியிருக்கக்கூடிய பட்டாணிச் செடிக் கட்டுரையை மெண்டல் என்ற பாதிரியார் 1866லேயே வெளியிட்டுவிட்டார். ஆனால் 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவே இல்லை. டார்வினுக்கும் தெரியாமலே போயிற்று. சில குறைகள் வெளியே தெரியாமல் ஒருவர் உடம்பில் ஒளிந்திருக்கும். அப்பா, அம்மா இரண்டு பக்கமும் அதே குறை வந்து சேர்ந்தால்தான் பிள்ளையிடம் தலைகாட்டும். ஒரே தாத்தா ஆச்சி வழி வந்தவர்கள் என்றால் அப்படிச் சேர வாய்ப்பு அதிகம்.

அதிகம் என்றால் எவ்வளவு? சாதாரணமாக நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், எங்களைப் போன்ற தம்பதிகளுக்கு நாலு முதல் ஆறு வரை. தாய்மாமனையே கட்டினால் இன்னும் கூடும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே செய்தாலும் கூடும். திண்ணையில் அந்த அம்மாள் சொன்ன மாதிரி ‘இப்பிடித்தான்’ இல்லை. அதே சமயம் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. சொந்தத்தில் செய்துகொண்ட இளம் சகோதரிகள் பிள்ளை உண்டாகும் முன்பே டாக்டரிடம் அதைச் சொல்லி, மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் காலத்தில் அதைச் சொல்ல ஆள் இல்லை. 2010ல் சில ஆராய்ச்சியாளர்கள் டார்வின், வெட்ஜ்வுட் குடும்பங்களின் வம்சாவளியை எடுத்துப் பார்த்து, நெருங்கிய சொந்தத்தில் செய்த வீடுகளில் குழந்தை இறப்பு கூடுதலாக இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள். டார்வின் பயந்தது வெறும் பிரமை இல்லை. ஆனால் பிழைத்த ஏழு பேரில் மூன்று பிள்ளைகள் பெரிய விஞ்ஞானிகளாகி ‘சர்’ பட்டம் வாங்கினார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

1858 ஜூனில் இந்த வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. மலாய்த் தீவுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்துப் பிழைத்துக்கொண்டிருந்த வாலஸ் என்பவர், காய்ச்சலில் படுத்திருந்தபோது அதே மால்தஸை நினைத்து, அதே முடிவுக்கு வந்து, டார்வினுக்கே எழுதி அனுப்பியிருந்தார். இருபது வருஷ உழைப்பு! டார்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அப்போது வீட்டில் பெரிய பெண்ணுக்குத் தொண்டை அடைப்பான். ஒன்றரை வயதுக் கடைக்குட்டி சார்லஸுக்குச் செம்புள்ளிக் காய்ச்சல். ஜூன் 28ஆம் தேதி குழந்தை இறந்தது. நண்பர்கள் இரண்டு பேருடைய கட்டுரைகளையும் சேர்த்து, ஜூலை 1ஆம் தேதி லண்டனில் லின்னேயன் சங்கத்தில் படித்தார்கள். இயற்கைத் தேர்வு என்ற கொள்கை முதன்முதலாக உலகத்தின் காதில் விழுந்த நாள் அதுதான். டார்வின் அங்கே இல்லை. அன்றைக்குத்தான் குழந்தையை அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் நவம்பர் 24ஆம் தேதி, ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற புத்தகம் வெளிவந்தது. 1250 பிரதி அச்சிட்டார்கள். கடைக்காரர்கள் அத்தனையையும் உடனே எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டத்தின் கடைசியில் அவர் தினமும் நடந்து யோசித்த மணல் பாதை இருக்கிறது. எத்தனை சுற்று என்று மறக்காமலிருக்க, ஓரத்தில் கல் குவித்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தள்ளுவாராம். அத்தானும் பேரனும் மூன்று கல் தள்ளினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சர்ச் தோட்டத்துக்குள் போனோம். டார்வினை ஊர் கூடி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எம்மா 1896ல் இறந்தபோது இங்கேதான் வைத்தார்கள். கடைக்குட்டி சார்லஸும் இங்கேதான். மேரி எலினார் என்ற குழந்தையும். இந்த வீட்டுக்கு வந்த அதே மாதம் பிறந்து, இருபத்துமூன்று நாள் இருந்து போனவள். புது வீடு, சாமான் கூடப் பிரித்திருக்கமாட்டார்கள், பச்சை உடம்பு. எம்மா எப்படித் தாங்கினாளோ.

அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பேரனும் மகளும் கேட்டருகில் போய்விட்டார்கள்.

“வார ஆவணிக்கு நாப்பது முடியுது அவளுக்கு” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை.

“அம்மா மேல ஒரு தப்பும் இல்ல, ஏன்?” என்றார் பிறகு.

“இல்ல அத்தான்” என்றேன். “அத்தை மேல எனக்கு ஒருநாளும் வருத்தம் கிடையாது. நான்தான் அவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லாம விட்டுட்டேன்.”

ரோட்டில் பேரன் கத்தினான், 146 வருகிறது என்று. வேகமாக நடக்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.